விலை உயர்ந்த பிராண்டுகளின் விலை ஏன் இறங்குவதில்லை? போன், டிவி, ஹெட்போன் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தக் கடையில் ஏறி இறங்கினாலும் ஐபோனுக்குக் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்கிறார்கள். பேரம் பேசினால் ஒரு கவரோ கண்ணாடி ஒட்டோ இலவசமாகத் தருவார்கள், விலையில் கைவைக்க மாட்டார்கள். அது தற்செயல் இல்லை. விலையை அந்த உயரத்தில் பிடித்து வைக்கவே தனி வேலை நடக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, வாங்குபவருக்கு அதில் எங்கே இடைவெளி கிடைக்கிறது என்பதே இந்தப் பக்கம். இதில் வரும் ஐபோன் விலைகள் 2024-ல் இந்தியாவில் இருந்த அதிகாரப்பூர்வ விலைகள்.

உள்ளே இருக்கும் பாகங்களின் விலை பாதிகூட வராது என்கிறார்களே, மீதிப் பணம் எங்கே போகிறது?

புதுப் போன் வந்தவுடன் அதைப் பிரித்துப் பார்த்து, திரைக்கு இவ்வளவு, சிப்புக்கு இவ்வளவு என்று கூட்டிய பட்டியல்கள் சுற்றத் தொடங்கும். அந்தக் கூட்டலில் பாகங்கள் மட்டும்தான் இருக்கும். பாகங்களைப் பொருத்திப் பூட்டும் கூலி, காப்புரிமைத் தொகை, வாரண்டிக்கு ஒதுக்கும் பணம், சரக்குக் கட்டணம், அடுத்த ஐந்தாறு வருடம் அனுப்ப வேண்டிய மென்பொருள் அப்டேட் எதுவும் இருக்காது.

நம்பத்தகுந்த கணக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஆப்பிளின் 2024 நிதியாண்டு அறிக்கையில், சாதன விற்பனையின் மொத்த லாப விகிதம் 37.2%. ஆப்பிள் கைக்கு 100 டாலர் வந்தால், பொருளைச் செய்து கொண்டுபோய்ச் சேர்க்க ஏறக்குறைய 63 டாலர் செலவாகிறது என்று அர்த்தம். மீதி 37-ல்தான் ஆராய்ச்சி, விளம்பரம், நிர்வாகம், வரி, லாபம் எல்லாம். ஆராய்ச்சிக்கு மட்டும் அந்த ஆண்டு சுமார் 3,140 கோடி டாலர் செலவிட்டார்கள். ஆகவே “பாதிக்கு மேல் கொள்ளை” என்பது சரியல்ல. அதே சமயம், போட்டி மிகுந்த வன்பொருள் தொழிலில் 37% என்பது மிகப் பெரிய விகிதம் என்பதும் உண்மை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த வகைப் பொருளில் செலவைக் கூட்டி லாபம் சேர்த்து விலை போடுவதில்லை. இந்தப் பொருளுக்கு மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி பொருளை வடிவமைக்கிறார்கள்.

ஐபோனை ஸ்ரீபெரும்புதூரில் செய்கிறார்கள், ஆனாலும் அமெரிக்காவைவிட இங்கே விலை அதிகம். ஏன்?

முதலில் ஒப்பிடும் முறையைச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது, பில் போடும்போது மாநிலத்துக்கு மாநிலம் தனியாகச் சேரும். இந்தியாவில் எம்ஆர்பி என்றால் 18% ஜிஎஸ்டியும் உள்ளே அடங்கிய விலை.

ஐபோன் 16-ஐ எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் இங்கே 79,900 ரூபாய், அங்கே 799 டாலர். 79,900-ஐ 1.18-ஆல் வகுத்தால் 67,712. அப்போது டாலர் சுமார் 83.90 ரூபாய், ஆக 799 டாலர் சுமார் 67,036 ரூபாய். வரியைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் எழுநூறு ரூபாய்க்கும் குறைவு.

16 ப்ரோவுக்கு இதே கணக்கைப் போட்டால் படம் மாறுகிறது. இங்கே 1,19,900, ஜிஎஸ்டி கழித்தால் 1,01,610. அங்கே 999 டாலர், அதாவது சுமார் 83,816. வித்தியாசம் 17,800 ரூபாய் அளவில் நிற்கிறது. இறக்குமதியாகும் போனுக்குச் சுங்க வரி 15%, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, மொத்தம் 16.5%. கடைக்காரருக்கும் இடையில் இருப்பவர்களுக்கும் ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை என்று வைத்தாலும், அந்த 1,01,610-க்குள் சுங்கம் 14,391-ஐத் தாண்ட முடியாது. உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மீதி நாணய மதிப்பு ஏறி இறங்குவதற்கான பாதுகாப்பும், “இந்த மாடலை வாங்குபவர் கொடுப்பார்” என்ற முடிவும்தான்.

உள்நாட்டில் பூட்டுவதால் என்ன பயன் என்பதைக் காட்டிய நேரடிச் சான்று 2024 ஜூலையில் கிடைத்தது. பட்ஜெட்டில் போன்களுக்கான சுங்க வரியை 20%-லிருந்து 15%-ஆகக் குறைத்தார்கள். உடனே ஐபோன் 15 ப்ரோ 1,34,900-லிருந்து 1,29,800-க்கு இறங்கியது, 5,100 ரூபாய் குறைவு. சாதாரண ஐபோன் 15 எவ்வளவு இறங்கியது தெரியுமா? 79,900-லிருந்து 79,600. வெறும் 300 ரூபாய். அது ஏற்கெனவே இங்கே பூட்டப்பட்டு வந்ததால் இறக்குமதிச் சுங்கத்தின் சுமை அதன் மேல் இல்லை.

விலையை முடிவு செய்வது யார், கம்பெனியா கடையா?

கடைக்குப் பின்னால் ஓடும் விலைகள் மூன்று. வாங்குபவர் கண்ணில் படுவது ஒன்றுதான்.

பெட்டியில் அச்சடித்திருப்பது எம்ஆர்பி. சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே விற்கத் தடையில்லை. கடைக்காரர் கம்பெனியிடமிருந்தோ விநியோகஸ்தரிடமிருந்தோ வாங்கும் விலை டிபி, அதாவது டீலர் பிரைஸ். இரண்டுக்கும் நடுவில், “சந்தையில் இந்த விலைக்கு ஓட வேண்டும்” என்று கம்பெனி சொல்லும் விலை ஒன்று உண்டு. அதைத் தொழிலில் எம்ஓபி என்பார்கள். விலைப் பட்டியலிலும் டீலர் வாட்ஸ்அப் குழுக்களிலும் தினமும் புழங்கும் எண் இதுதான்.

டிவியிலும் ஹோம் தியேட்டரிலும் எம்ஆர்பிக்கும் எம்ஓபிக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். எம்ஆர்பியைக் கோடு போட்டு அடித்துவிட்டு “40% தள்ளுபடி” என்று காட்டுவது அந்தப் பள்ளத்தைத்தான். அந்த எம்ஆர்பிக்கு யாரும் எப்போதும் வாங்கியதில்லை என்றால் அதைத் தள்ளுபடி என்று சொல்வது நேர்மையில்லை. ஐபோனில் எம்ஆர்பியும் அறிவித்த விலையும் ஒன்றே என்பதால் இந்த வித்தை அங்கே கிடையாது.

டிபிக்கும் எம்ஓபிக்கும் நடுவே கடைக்குக் கிடைப்பது சில சதவீதம் மட்டுமே. கடையின் உண்மையான லாபம் பில்லுக்குப் பின்னால் வருகிறது. மாதாந்திர டார்கெட்டை எட்டினால் ஒரு தொகை, டிஸ்ப்ளே வைத்ததற்கு ஒரு தொகை, எம்ஓபியைக் காப்பாற்றினால் ஒரு தொகை. இவை எல்லாம் கிரெடிட் நோட்டாக, அதாவது கடையின் கணக்கில் வரவு வைக்கும் சீட்டாக, பிறகு வந்து சேரும்.

ஒரு கடைக்காரர் தன் லாபத்தை விட்டுக்கொடுத்து விலை குறைத்தால் என்ன ஆகும்?

கிரெடிட் நோட்டு நின்றுபோகும். முதலில் அந்த மாத ஸ்கீம் தொகை, பிறகு வேகமாக ஓடும் மாடல்களின் சப்ளை, கடைசியில் டீலர் என்ற பதிவே போய்விடும். விலை குறைத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எந்த டீலருக்குப் போனது என்று பதிவாகியிருக்கிறது. போன் முதல் முறை ஆன் ஆகும் ஊரும் தெரிகிறது. மதுரை டீலருக்கு அனுப்பிய இருபது போன்கள் சென்னையில் ஆன் ஆனால், மதுரைக்காரர் சென்னைக் கடைக்கு மலிவாகத் தள்ளிவிட்டார் என்று புரிந்துவிடும். தொழிலில் இதற்கு இன்ஃபில்ட்ரேஷன் என்று பெயர், தண்டனையும் உண்டு.

பக்கத்துக் கடைக்காரரே புகார் செய்வதும் வழக்கம். இதில் அவர் பக்க நியாயமும் இருக்கிறது. ஹெட்போனைக் கேட்டுப் பார்க்க ஓர் அறை, டெமோ பீஸ், விவரம் தெரிந்த ஆள் எல்லாம் அவர் செலவு. வாடிக்கையாளர் அங்கே அரைமணி நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, அதெல்லாம் இல்லாத கடையில் ஆயிரம் ரூபாய் குறைவாக வாங்கிப் போனால், அடுத்த வருடம் அந்த அறை இருக்காது. விலைக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் முதல் வாதம் இதுதான். ஹை-ஃபை ஒலிக்கருவிக்கு இது பொருந்துகிறது. ஆன்லைனில் மட்டுமே விற்கும் பொருளுக்கும் இதையே சொல்வதை ஏற்க முடியாது.

கம்பெனி இப்படிக் கட்டாயப்படுத்துவது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு வேறு.

ஐரோப்பாவில் கடுமை. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஆசஸ், டெனான் அண்ட் மரான்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய நான்கு மின்னணு நிறுவனங்களுக்கும் சேர்த்து 11.1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆன்லைன் கடைகள் விலை குறைத்தால் சப்ளையை நிறுத்துவோம் என்று மிரட்டியதே குற்றம். அந்த வழக்கில் வெளிப்பட்ட ஒரு நுணுக்கம் இன்றைய சந்தையைப் புரிந்துகொள்ள உதவும். பெரிய ஆன்லைன் கடைகள் விலையைக் கையால் மாற்றுவதில்லை, போட்டிக் கடையின் விலையைப் பார்த்து மென்பொருளே மாற்றிக்கொள்கிறது. ஒரு சின்னக் கடை விலை குறைத்தால் மற்ற எல்லாமும் வரிசையாக இறங்கும். ஆகவே அந்தச் சின்னக் கடை ஒன்றை அடக்கினாலே மொத்தச் சந்தை விலையும் மேலேயே நிற்கும். பிறகு 2021-ல் நெதர்லாந்து ஆணையம் டிவி விலைகளில் தலையிட்டதற்காகச் சாம்சங்குக்கு ஏறக்குறைய 4 கோடி யூரோவும், ஜெர்மன் ஆணையம் போஸ் நிறுவனத்துக்குச் சுமார் 70 லட்சம் யூரோவும் விதித்தன.

அமெரிக்காவில் மறுவிற்பனை விலையை, அதாவது கடை விற்க வேண்டிய விலையை, கம்பெனி கட்டாயப்படுத்துவதே சட்டவிரோதம் என்று 1911-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-ல் அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில் அதை மாற்றி, ஒவ்வொரு வழக்கிலும் போட்டிக்குக் கேடு உண்டா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. தவிர, அங்கே விளம்பரத்தில் காட்டும் குறைந்தபட்ச விலைக்கு மட்டும் கட்டுப்பாடு வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. சில அமெரிக்கத் தளங்களில் “விலையைக் காணக் கூடையில் போடவும்” என்று வருவது அதனால்தான். கூடைக்குள் காட்டுவது விளம்பரக் கணக்கில் வராது.

இந்தியாவில் 2002-ன் போட்டிச் சட்டம், பிரிவு 3(4)-ல் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாட்டைக் குறிப்பிடுகிறது. ஆனால் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு நிரூபணமானால்தான் குற்றம். கேஃப் நிறுவனத்தின் சமையலறைச் சிம்னிகளை ஸ்னாப்டீல் என்ற ஆன்லைன் தளம் எம்ஓபிக்குக் கீழே விற்றபோது, அங்கே வாங்கும் பொருளுக்கு வாரண்டி தர மாட்டோம் என்று கேஃப் எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்னாப்டீல் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் ஆணையம் மீறல் இல்லை என்று முடித்தது. மறுபக்கம், 2021-ல் அதே ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது, மாருதி மேல்முறையீடு செய்தது. அது கார் வழக்குதான், ஆனாலும் முறையை நன்றாகக் காட்டுகிறது. வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி, கூடுதல் தள்ளுபடி தரும் டீலரைப் பிடித்து மாருதி அபராதம் விதித்தது என்பது ஆணையத்தின் முடிவு.

ஜப்பானில் பானசோனிக் வேறு வழி பிடித்தது. விற்காத சரக்கை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு விலையை நாங்கள் சொல்வோம் என்றது. சரக்கு தேங்கும் நஷ்டம் கம்பெனி தலையில் இருப்பதால் அங்கே அது சட்டத்துக்கு உட்பட்டது.

விலையைக் குறைத்தால் கூடுதலாக விற்குமே, ஏன் செய்வதில்லை?

விலைக் குறைப்புக்கு மூன்று பேர் விலை கொடுக்கிறார்கள்.

முதலாமவர் போன மாதம் முழு விலைக்கு வாங்கியவர். இன்று 8,000 குறைந்தால் அடுத்த முறை அவர் வெளியீட்டு நாளில் வாங்க மாட்டார், “இறங்கட்டும்” என்று காத்திருப்பார். ஒரு பிராண்டு இந்தப் பழக்கத்தை ஒரு முறை கற்றுக்கொடுத்துவிட்டால் திரும்ப மாற்றுவது மிகக் கடினம்.

இரண்டாமவர் சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர். ஒரு போன் 74,000 வீதம் பத்து போன் வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 5,000 இறங்கினால் ஒரே இரவில் 50,000 ரூபாய் போச்சு. இந்த நஷ்டத்தைக் கம்பெனி ஈடுகட்டுவதற்குப் பிரைஸ் புரொடெக்‌ஷன் என்று பெயர். இன்னும் ஆன் ஆகாத ஐஎம்இஐ எண்களை மட்டும் கணக்கெடுத்துத் தருவார்கள். ஆகவே ஒவ்வொரு விலைக் குறைப்பும் இனி விற்கப்போகும் சரக்கோடு நிற்காது, கடைகளுக்கு ஏற்கெனவே விற்று முடித்த சரக்குக்கும் கம்பெனி பணம் திருப்பித் தர வேண்டி வரும்.

மூன்றாமவர் பழைய போனை விற்கப் போகிறவர். புதுப் போன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கும். எக்ஸ்சேஞ்சில் 35,000 கிடைக்கும் என்று நம்பி வந்தவருக்கு 29,000 என்றால் அவர் புதியதை வாங்குவதைத் தள்ளிப்போடுவார். பழைய போனுக்கு நல்ல விலை கிடைப்பதால்தான் பலர் அடுத்ததையும் அதே பிராண்டில் எடுக்கிறார்கள். புதிய போனின் விலையைப் பிடித்து வைப்பது அந்தப் பழைய சந்தையையும் பிடித்து வைப்பதுதான்.

அப்படியானால் பண்டிகை நாட்களில் வரும் சலுகைகள்?

பில் விலையைத் தொடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழிகள் அவை. வங்கிக் கார்டுத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், வட்டியில்லா இஎம்ஐ மூன்றிலும் அறிவித்த விலை அப்படியே நிற்கும். சலுகை முடிந்த மறுநாள் “விலை ஏறிவிட்டது” என்ற பேச்சும் வராது. கார்டுத் தள்ளுபடி எல்லாருக்கும் கிடைக்காது, குறிப்பிட்ட வங்கியின் கார்டு உள்ளவருக்கு மட்டும். விலையைக் கணக்குப் பார்த்து வாங்குபவர் அந்தக் கார்டைத் தேடிப் பிடிப்பார், பார்க்காதவர் முழு விலை கொடுப்பார். கம்பெனிக்கு வேண்டியதும் அதுவே.

எக்ஸ்சேஞ்சில் பழைய போனின் மதிப்பு வேறு, போனஸ் வேறு. போனஸ் 6,000 என்று பெரிதாகப் போட்டுவிட்டு மதிப்பை 5,000 குறைத்திருப்பார்கள். வெளியே நேரடியாக விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு இரண்டின் கூட்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள்.

வட்டியில்லா இஎம்ஐ என்றால் உண்மையிலேயே வட்டி கிடையாதா?

உண்டு. 2013-ல் ரிசர்வ் வங்கி பூஜ்ய வட்டித் திட்டங்களை வங்கிகள் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு வட்டியை வங்கி வாங்கிக்கொள்கிறது, அதே தொகையைக் கம்பெனியோ கடையோ முன்கூட்டியே தள்ளுபடியாகத் தருகிறது.

60,000 ரூபாய்ப் போன், ஆறு மாதத் தவணை, ஆண்டுக்கு 15% வட்டி என்று வைத்துப் பார்ப்போம். மாதம் 10,000. கார்டில் கடனாக ஏறுவது 57,460 மட்டுமே, மீதி 2,540 ஆறு மாத வட்டி. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் 457 ரூபாய், உங்கள் தலையில். அதன் மேல் வங்கியின் செயலாக்கக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இந்தக் கட்டணமும் வரியும் பொதுவாகத் திரும்பி வராது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி: “முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?” 2,000 குறைத்துத் தருவேன் என்று சொன்னால், அந்த 2,000-தான் நீங்கள் கொடுக்கவிருந்த வட்டி.

128 ஜிபியிலிருந்து 256-க்குப் போக 10,000 ரூபாயா? அந்த மெமரிக்கு அவ்வளவா விலை?

இல்லை. மெமரி சிப்புக்கு ஆகும் கூடுதல் செலவு அதில் சிறு பங்குதான். ஐபோன் 16-ன் விலை 79,900, 89,900, 1,09,900 என்று 128, 256, 512 ஜிபிக்கு ஏறியது. விளம்பரத்துக்குத் தொடக்க விலை, லாபத்துக்கு மேல் படி. கார்டு போட்டு மெமரியைக் கூட்ட வழியில்லாத போனில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். வாங்கும் முன் இப்போதைய போனில் ‘ஸ்டோரேஜ்’ பக்கத்தைத் திறந்து எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 90 ஜிபிக்குக் கீழே நின்றால் 128 போதும்.

விலை உயர்ந்த டிவி மட்டும் ஆறு மாதத்தில் இறங்குகிறதே?

டிவியின் உயிர் பேனல், அதாவது திரை. பல பிராண்டுகள் அதை வெளியே வாங்குகின்றன. சோனியின் ஓஎல்இடி டிவிகளில்கூட எல்ஜி டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே பேனல்கள்தான். பட நேர்த்திக்கான சிப்பும் அமைப்பும் சோனியுடையவை. பேனல் விலை இறங்கினால் போட்டியாளரும் இறக்குவார். பெட்டி பெரிது, கிடங்கு வாடகை அதிகம், புது மாடல் வருவதற்குள் பழையதைத் தள்ளியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28%-லிருந்து 18%-க்கு இறங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் டிவி 1,28,000-லிருந்து 1,18,000-க்கு வர வேண்டும். போனுக்கும் லேப்டாப்புக்கும் வரி மாறவில்லை, 18%-தான்.

டிவியில் இன்னொரு தடுப்பும் உண்டு. ஆன்லைனுக்கு ஒரு மாடல் எண், கடைக்கு வேறு எண் என்று கிட்டத்தட்ட ஒரே டிவி இரண்டு பெயரில் வரும். விலையை ஒப்பிட முடியாமல் செய்வதற்குத்தான் இது. எண்ணை விட்டுவிட்டு பேனல் வகை, ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது), எச்டிஎம்ஐ 2.1 போர்ட் எத்தனை, ஸ்பீக்கர் வாட் நான்கையும் ஒப்பிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்லலாமா?

ப்ரோ மாடலுக்குக் கணக்கு ஓரளவு சரிவரும், சாதாரண மாடலுக்கு வராது. அங்கே விற்பனை வரியைச் சேர்த்துப் பாருங்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் கார்டு போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும். அடிக்கடி சிம்மை மாற்றிப் போடுபவருக்கும், இங்கே பழைய போனாக விற்க நினைப்பவருக்கும் அது தொல்லை.

எப்போது வாங்கினால் நல்லது?

புதிய ஐபோன் செப்டம்பரில் வரும். அதே நாளில் முந்தைய மாடலின் விலையை ஆப்பிளே இறக்கும். ஐபோன் 15 அப்படித்தான் 79,600-லிருந்து 69,900 ஆனது. அதன் மேல் பண்டிகைக் கார்டுத் தள்ளுபடியும் சேரும். ஆகஸ்டில் முழு விலைக்கு வாங்குவதுதான் மிக மோசமான நேரம். உங்களிடம் ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்காக வாங்கினால், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். 79,900 ரூபாய் பில்லில் 12,188 ரூபாய் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாகக் கிடைக்கும். எந்தக் கடைத் தள்ளுபடியும் இந்த அளவுக்கு வராது.

பெட்டியைக் கையில் வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், இறக்குமதி என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த நாடு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். எம்ஆர்பியைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பழைய விலையை மறைக்கக் கூடாது. கூட்டி ஒட்டுவது விதிமீறல். இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லையென்றால் அது அதிகாரப்பூர்வ வழியில் வராத சரக்கு, இங்கே வாரண்டியில் சிக்கல் வரும்.

கடையிலேயே போனை ஆன் செய்து *#06# அடியுங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ, பெட்டியில் உள்ளது, பில்லில் உள்ளது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வாரண்டி தொடங்கிய தேதியைப் பிராண்டின் இணையதளத்தில் பாருங்கள். இன்று வாங்கிய போனுக்கு வாரண்டி மூன்று வாரம் முன்பே தொடங்கியிருந்தால், டார்கெட்டுக்காக யாரோ அதை முன்கூட்டியே ஆன் செய்திருக்கிறார்கள். அந்தப் பீஸை எடுக்காமல் வேறு கேளுங்கள். எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் பில்லுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.